தட்டில் விழுந்த நாற்பதாயிரம்

திருவட்டாறு
12 மே 2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. அதை நீயும் அம்மாவும் தினமும் போனில் செய்கிறீர்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அம்மா அதை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள். என் முறை வரும்போது நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் நீ "சரிட்டி, வைக்கேன்" என்று சொல்லிவிடுகிறாய். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் ஆபீஸ் முகவரி ஈஸ்டருக்கு நீ அனுப்பிய பார்சல் கவரில் இருந்தது.

ரசலையன் மாமாவின் மகள் பிரீனா, நீ படித்த அதே இடத்தில், அதே இரண்டு வருட டிசைன் டிப்ளமோவில் சேரப்போகிறாள். மாமா அதற்கு ஐந்து லட்சம் கடன் எடுக்கிறார். அவருக்கென்று இருப்பது ஐம்பது சென்ட் ரப்பர் தோட்டம். அதைத்தான் ஈடாகக் கொடுக்கிறார். ஜூன் ஒன்பதாம் தேதி மார்த்தாண்டத்தில் கையெழுத்து.

அவருக்கு எங்கிருந்து இந்தத் தைரியம் வந்தது என்று கேள். போன ஆகஸ்டில் அம்மா உன் முதல் சம்பளத்தைக் கவரில் வைத்துக் காணிக்கைத் தட்டில் போட்டாள். பாஸ்டர் அறிவிப்பு நேரத்தில் வாசித்தார். "பெங்களூரில் டிசைனராகப் பணிபுரியும் சகோதரி லிஜாவின் முதல் சம்பளக் காணிக்கை, ரூபாய் நாற்பதாயிரம்." சபை முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. உன் முதல் சம்பளம் பதிமூன்றாயிரத்து ஐநூறு. மீதி, அம்மா தன் செயினை அடகு வைத்த பணம்.

மாமாதானே சபையின் கணக்கர்? அந்த நோட்டுகளைத் தன் கையால் எண்ணியவர் அவர். "ஆண்டவருக்க தட்டுல ஆரும் கள்ளக்கணக்கு போடமாட்டாவ. முதல் மாசமே நாப்பதுன்னா, ரெண்டு வருசத்துல கடன அடச்சிரலாம்" என்று பிரீனாவின் அம்மாவிடம் அவர் சொன்னபோது நான் அங்கேதான் இருந்தேன். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

உன் கடனுக்கு மாதம் பதினோராயிரத்து நானூறு கட்ட வேண்டும். அதில் ஐயாயிரம் நான் சிப்ஸ் கடையில் பாக்கெட் ஒட்டிச் சம்பாதிப்பது. இது மாமாவுக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எல்லோரும் உன் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். நீ சிரித்துக்கொண்டு நின்றாய்.

மாமாவுக்கு போன் பண்ணி உண்மையைச் சொல். பதிலை வீட்டுக்கு எழுதாதே. கடை முகவரிக்கு எழுது.

ஜெபிஷா


பெங்களூர்
19 மே 2025

ஜெபி,

உன் கடிதத்தை ரிசப்ஷனில் இருக்கும் பெண் தூக்கிப் பிடித்து "யாருக்கோ லெட்டர் வந்திருக்கு" என்று ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். பாத்ரூமில் போய்ப் படித்தேன். படித்து முடித்ததும் உன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது.

நான் அம்மாவிடம் பதிமூன்றரை என்று தெளிவாகச் சொன்னேன். ஆலையில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்த களைப்பிலும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பதிமூணுன்னு பாஸ்டர் வாசிச்சா அண்டி ஆபீஸ்ல எனக்க கூட இருக்கியவளுவ வாயப் பொத்திச் சிரிப்பாளுவ. அஞ்சு லெட்சம் கடன் எடுத்துப் படிச்ச பிள்ளைக்கும் அண்டி தல்லுதவளுக்கும் ஒரே கூலியா?" நாற்பது என்று அவள் எழுதியது, வாசித்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்து நான் என்ன செய்திருக்க வேண்டும்? மைக்கைப் பிடித்து, என் அம்மா கர்த்தருடைய தட்டில் பொய்யைப் போட்டாள் என்று சொல்லியிருக்க வேண்டுமா? அப்பா இறந்த பிறகு அந்தச் சபையில் அவள் தலை நிமிர்ந்து நடந்தது அந்த ஒரு நாள்தான்.

ஐயாயிரத்தைச் சொல்லிக் காட்டுகிறாய். சரி. மீதி ஆறாயிரத்து நானூறை யார் கட்டுகிறார்கள்? இப்போது எனக்குப் பதினெட்டாயிரம். நாலு பேர் ஒரு அறை. மாதக் கடைசியில் ராத்திரிக்கு பன்னும் டீயும்தான். இதை எல்லாம் நான் அம்மாவிடம் ஸ்பீக்கரில் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்காகப் படிப்பை விட்டேன் என்று முகத்தைத் தொங்கப்போட்டுத் திரிகிறாயே, பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி மிஸ் உன்னை எழுப்பி வாசிக்கச் சொன்ன மறுநாள்தான் நீ வயிற்றுவலி என்று படுத்தாய். அது என் கடனால் வந்த வலி இல்லை.

பிரீனா என்னிடம் போனில் கேட்டாள், "நல்ல கோர்ஸ்தானக்கா?" என்று. நல்ல கோர்ஸ்தான் என்றேன். அது பொய்யில்லை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். நான் வரைந்த மசாலா டப்பா இங்கே கடைகளில் வரிசையாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போது கடன் மறந்துபோகும். என்னோடு படித்த ஒருத்தி முப்பத்தைந்தாயிரம் வாங்குகிறாள். இன்னொருத்தி துணிக்கடையில் பில் போடுகிறாள். பிரீனா இதில் யாராக ஆவாள் என்று நான் எப்படிச் சொல்வது?

மாமாவுக்கு நான் போன் பண்ண மாட்டேன். அம்மாவைச் சந்தியில் நிறுத்த என்னால் முடியாது.

லிஜா


திருவட்டாறு
26 மே 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது முதலாளி ராஜையன் அண்ணன், "ஏட்டி ஜெபி, இந்தக் காலத்துல லெட்டர் போடுத மாப்பிள்ள ஆருட்டி? நெட் பேக் போட அவனுக்குப் பைசா இல்லியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். நான் எண்ணெய்க் கொப்பரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆமாம், மிஸ்ஸுக்குப் பயந்துதான் நின்றேன். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஜூனில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேனே, அது உனக்குத் தெரியுமா? யூனிபார்மிற்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று. அந்த வாரம்தான் உன் போன் வந்தது, வேலையில் சேர சொந்த லேப்டாப் வேண்டும் என்று. அதன்பிறகு நம் வீட்டில் என் பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்குத்தான் பேச வராதே.

நீ சொல்ல மாட்டாய் என்றதும் நானே போய் பிரீனாவிடம் சொன்னேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரீனா, அக்காக்கு நாப்பது இல்ல. பதிமூணரதான். இப்பம் பதினெட்டு."

"ஆரு சொன்னா?"

"நான் சொல்லுதேன்."

அவள் ஷீட்டை உதறிக்கொண்டே சொன்னாள். "உனக்க அக்காவே நல்ல கோர்ஸ்னு சொல்லியாச்சு. பத்தோட நின்னவ எனக்குக் கணக்கு சொல்லித் தராண்டாம், கேட்டியா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போனா உனக்குப் பேச ஆளில்லன்னுதானட்டி இந்தக் கத?" என்றாள்.

அக்கா, அவள் போனால் எனக்குப் பேச ஆளில்லைதான். அதனால்தான் அந்த வார்த்தை இன்னும் உள்ளே கிடந்து எரிகிறது.

பிறகு சமாதானமாகி, போனில் தன் விண்ணப்பத்தைக் காட்டினாள். அதில் "பரிந்துரைத்தவர்" என்ற இடத்தில் உன் பெயர். "பழைய ஸ்டூடண்ட் ஆளச் சேத்துவிட்டா பத்தாயிரம் குடுப்பாவளாம். அக்காட்ட ட்ரீட் கேக்கணும்" என்று சிரிக்கிறாள்.

பத்தாயிரம். அம்மாவின் மானம், அப்பா இல்லாத வீடு, பன்னும் டீயும் என்று எல்லாம் எழுதிய நீ இதை மட்டும் ஏன் எழுதவில்லை? அம்மா பொய் சொன்னது வீம்புக்கு. நீ பேசாமல் இருப்பது எதற்கு?

நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தை விட்டவள், வாய் செத்தவள், பொறாமைக்காரி. நீ சொன்னால்தான் நம்புவார்கள். அந்த வேலை உனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல். அது எவ்வளவு கொடுக்கிறது, எவ்வளவு பிடுங்குகிறது, இரண்டையும் சொல். பிறகு அவள் போனால் போகட்டும். இப்போது அவளை அனுப்புவது நம் அம்மாவின் செயின்.

ஜெபிஷா


பெங்களூர்
2 ஜூன் 2025

ஜெபி,

பத்தாயிரம் வாங்கினேன். அவள் முன்பணம் கட்டிய அன்றே என் கணக்குக்கு வந்துவிட்டது. ஏப்ரல் மாதத் தவணைக்குப் போயிற்று. அந்த மாதம் உன்னிடம் ஐயாயிரம் வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேனே, நினைவிருக்கிறதா? ஆபீஸில் போனஸ் என்று சொன்னேன். அது இதுதான். நீ செருப்பு வாங்கினாய்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். போட்ட பிறகும் மனப்பாடமாக இருந்தது. நேற்று சபை முடியும் நேரம் பார்த்து மாமாவுக்கு போன் பண்ணினேன்.

முதலில் அவர் பிரீனாவுக்கு எந்த மாதிரி பெட்டி வாங்க வேண்டும், குளிருக்கு என்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் இடையில் புகுந்து சொல்லிவிட்டேன். "அப்பம், தட்டுல விழுந்த நாப்பதாயிரம்?" என்றார். அம்மாவின் செயின் என்றேன். "நான் எண்ணினேன் பிள்ளே. எனக்க கையால எண்ணி ரெஜிஸ்தர்ல எழுதினேன்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

கடைசி மூன்று மாதச் சம்பளச் சிலிப்பை அனுப்பச் சொன்னார். என் வாயை இனி அவர் நம்பத் தயாராக இல்லை. அனுப்பினேன்.

நீ சொன்னபடி இரண்டையும்தான் சொல்ல நினைத்தேன். மாமா, வேலை நல்ல வேலை, பிரீனாவுக்குக் கை நன்றாக ஓடும், சின்னக் கடனாக இருந்தால் யோசிக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

பாதிதான் சொன்னேன், ஜெபி. அது நீ முதல் கடிதத்தில் கேட்ட பாதி.

லிஜா


திருவட்டாறு
12 ஜூன் 2025

அக்காவுக்கு,

கையெழுத்து நடக்கவில்லை. உனக்கு இது போதும் என்றால் மேலே படிக்காதே.

நீ போன் பண்ணிய அன்று மத்தியானமே மாமா நம் வீட்டுக்கு வந்துவிட்டார். முற்றத்திலேயே நின்றார். அம்மா நாற்காலியை எடுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"ராகேலு, நீ எனக்கிட்ட பொய் சொல்லியிருந்தா நான் பொறுத்திருப்பேன். நீ ஆருக்க தட்டுல பொய்யப் போட்ட?"

அம்மா சட்டென்று பதில் சொன்னாள். "பொய்ய நான் போடல்ல, அண்ணா. பைசாதான் போட்டேன். எனக்க கழுத்துல கெடந்ததப் போட்டேன். கூடப் போட்டா அது குற்றமா?"

"அந்தக் கூடுதலப் பாத்துட்டுத்தான் நான் எனக்க ரப்பரக் கொண்டு வைக்கப் போனேன்!"

"நான் வைக்கச் சொன்னேனா? மத்தவன் குடுக்கிய காணிக்கையப் பாத்து உம்மட பிள்ளையப் படிக்க வைக்கச் சொன்னேனா?"

பக்கத்து வீடுகளில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமா திரும்பிப் போய்விட்டார். அம்மா அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டாள், என்னைப் பார்த்தாள். "நீதானட்டி எழுதின?" என்றாள். ராஜையன் அண்ணன் அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார், உன் பிள்ளைக்குப் பெங்களூரிலிருந்து லெட்டர் வருகிறது என்று. அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு போடும்போது தட்டை நகர்த்துவதோடு சரி. வேலைக்கு என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தாலும் வேறு சீட்டில் போய் உட்காருகிறாள்.

பிரீனாவும் பேசுவதில்லை. முன்பணம் இருபத்தைந்தாயிரத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். நேற்று கடைக்கு வந்தாள். சிப்ஸ் வாங்க இல்லை. மற்ற பெண்களின் காதில் விழும்படி, "நீங்க ரெண்டு பேரும் சேந்து எனக்க ஜன்னல அடச்சிட்டீங்க. உனக்க அக்கா போய்ப் பாத்துட்டு வந்தா. நான் போவாண்டாமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் செய்தது சரிதான். சரியானதைச் செய்தால் மனது லேசாக இருக்கும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களே, யாரிடம் போய்க் கேட்பது?

ஜெபிஷா


பெங்களூர்
25 ஜூன் 2025

ஜெபி,

அம்மா என்னிடம் தினமும் பேசுகிறாள். உன் பெயரை மட்டும் சொல்வதில்லை. நேற்று நானே, "போன அவகிட்ட குடும்மா" என்றேன். "அவ பேசமாட்டா, எழுதத்தான் செய்வா" என்றாள். நன்றாகத்தான் திட்டுகிறாள் நம் அம்மா.

பிரீனாவுக்காக விசாரித்தேன். நாகர்கோவிலிலேயே சாயங்கால வகுப்பு இருக்கிறது. ஆறு மாதம், கடன் எடுக்கத் தேவையில்லாத கட்டணம். அதில் சேர்ந்தால் மீதியை நான் வீடியோவில் சொல்லித் தருகிறேன். நான் வாங்கிய பத்தாயிரத்தையும் இரண்டு தவணையாக அவளுக்கே கொடுத்துவிடுகிறேன். அவள் என் போனை எடுக்கவில்லை. நீ போய்ச் சொல்.

மாமாவிடம் நான் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

லிஜா


திருவட்டாறு
14 ஜூலை 2025

அக்காவுக்கு,

உன் சாயங்கால வகுப்பைச் சொல்லப் போனேன். அதற்குள் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை சவுதியில் ஏசி மெக்கானிக். இருபத்தைந்து பவுன் நகை, ஏழு லட்சம் ரொக்கம். அதற்கு மாமா ரப்பரில் பாதியை விற்கிறார். கவனமாகப் படி, ஈடு வைக்கவில்லை, விற்கிறார். ஐந்து லட்சத்துக்கு ஈடு வைக்கப் பின்வாங்கியவர், பிள்ளை அந்தப் பணத்தைச் சம்பாதித்துத் திருப்பிக் கட்ட முடியுமா என்று சிலிப்பைப் பார்த்துக் கூட்டிக் கழித்தவர், இதற்கு ஒரு விரலைக்கூட மடக்கிப் பார்க்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசிக்கிறார்கள். சபையில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கும்தான். "அந்தப் பிள்ளைக்க காரியம் நல்லபடியா முடிஞ்சில்லா" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறாள்.

உன்மேல் கோபம், அம்மாமேல் கோபம், என்மேல் கோபம் என்று மாறி மாறி வந்தது. கடைசியில் நேற்று சபை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமாவும் சபை ஆட்கள் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டி?" என்றார் மாமா.

அக்கா, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் வரவில்லை. வேறுதான் வந்தது.

"மாமா, மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம்?"

"அறுவதாயிரம். அதுக்கென்ன?"

"ஆரு சொன்னா?"

"தரகர் சொன்னாரு. பின்ன ஆரு சொல்லணும்?"

"அக்காட்ட மூணு மாச சிலிப் கேட்டீங்கல்லா. இவருட்ட கேட்டீங்களா?"

சபை ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. "ஏட்டி, கல்யாணமும் படிப்பும் ஒண்ணா? ஆம்பிளைட்ட போய்ச் சிலிப்பு கேட்டா அசிங்கமில்லியா?"

"படிப்பு பிடிக்கலன்னா விட்டுட்டு வரலாம் மாமா. கடன் மட்டும்தான் மிச்சம் இருக்கும். இது பிடிக்கலன்னா?"

என் குரல் எனக்கே கேட்டது. மாமா எழுந்துவிட்டார். "கள்ளக் காணிக்கை போட்ட வீட்டுப் பிள்ள எனக்குக் கணக்கு படிப்பிக்கியா? எறங்குட்டி கீழ! உனக்க அம்மைட்ட போய்ச் சொல்லு இதெல்லாம்!"

நான் இறங்கினேன். இறங்காமல் என்ன செய்வது? அப்போதுதான் பிரீனா உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கல்யாணப் பெண் என்று அவள் அம்மா தலையில் வைத்துவிட்ட பிச்சிப்பூவோடு நேராக வந்து, சபை ஆளின் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியை இழுத்து மாமாவின் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கப்பா."

"உள்ள போ பிள்ளே."

அவள் போகவில்லை. நான் கேட்டைத் தாண்டும்போது அதையே இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டது.

ஜெபிஷா